எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ‘ரைட்டர்ஸ் பிளாக்’ (எழுத்து முடக்கம்) வருமா?

வரும். ஆனால் பலரும் நினைப்பதுபோல அது ஒரே ஒரு நோய் அல்ல. காய்ச்சலைப் போல, பல நோய்களுக்கு வெளியே தெரியும் ஒரே அடையாளம். காய்ச்சல் பொய்யில்லை, உடம்பு உண்மையிலேயே கொதிக்கிறது. அதற்காக எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியாது. எழுத்து நின்றுபோனவரிடம் “தினமும் உட்காருங்கள், தானாக வரும்” என்று சொல்வதும், “கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள், தானாகத் திரும்பும்” என்று சொல்வதும் அப்படி ஒரே மாத்திரையை நீட்டுவதுதான். சிலருக்குக் கேட்கும். சிலருக்கு நிலைமை இன்னும் மோசமாகும். காரணத்தைப் பார்க்காமல் மருந்தைச் சொன்னால் அப்படித்தான் ஆகும்.

எதைக் கணக்கில் சேர்க்கலாம்

ஒருவருக்கு எழுதத் தெரியும். எழுத வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. நேரம் இருக்கிறது. உட்காரவும் செய்கிறார். அப்படியும் நாள்கணக்கில் பிரதி நகரவில்லை, அல்லது எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கிறார். இந்த நான்கும் சேர்ந்து இருந்தால்தான் அதை முடக்கம் என்று சொல்வது சரி.

ஒன்று குறைந்தாலும் சிக்கல் வேறு. மேசைக்கே வராமல் நாள் போனால் அது தள்ளிப்போடுதல். வேறு வேலைகள் நாளை விழுங்கிவிட்டால் அது நேரப் பிரச்சினை. பெரிய புத்தகம் ஒன்றை முடித்த கையோடு சில வாரம் ஒன்றும் தோன்றாமல் இருப்பது வெறும் களைப்பு, அதற்கு ஓய்வு போதும். தகவல் திரட்டும் கட்டத்தில் ஒரு வரிகூட எழுதாமல் இருப்பதைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: முடக்கம் நீடித்தால் தள்ளிப்போடுதலும் கூடவே வந்துவிடும். உட்கார்ந்தால் வலிக்கிறது என்று மனம் கற்றுக்கொண்ட பிறகு, உட்காராமல் இருக்கக் காரணங்கள் தாமாகக் கிடைக்கும். அதனால் மேசைக்கு வராதவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன், வந்துகொண்டிருந்த நாட்களில் அங்கே என்ன நடந்தது என்று கேட்பது நல்லது.

“அப்படி ஒன்று கிடையவே கிடையாது” என்று அடித்துச் சொல்பவர்களில் செய்தியாளர்கள் அதிகம். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. செய்தி அறையில் ஒருவர் மூன்று வாரம் எழுதாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அரிது. அவர்கள் மன உறுதி மிக்கவர்கள் என்பதல்ல காரணம். எழுதத் தொடங்கும்போதே பெரும்பாலான முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன என்பதுதான் காரணம். எதைப் பற்றி என்பதைச் சம்பவம் தீர்மானித்துவிட்டது. எவ்வளவு நீளம் என்பதைப் பக்கம் தீர்மானித்துவிட்டது. எப்போது முடிக்க வேண்டும் என்பதை அச்சு நேரம் தீர்மானித்துவிட்டது. முக்கியமானதை முதலில் சொல்லி, குறைந்ததைக் கீழே தள்ளும் வடிவமும் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சம் இருப்பது வாக்கியம் மட்டும். நாவலாசிரியருக்கு இதில் ஒன்றையும் யாரும் தருவதில்லை. பகலில் 500 சொல் செய்தியை முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கும் அதே ஆள், இரவில் தன் நாவலின் முன் ஒரு மணி நேரம் கை கட்டி உட்கார்ந்திருப்பார். ஆளும் திறமையும் மாறவில்லை. எடுக்கப்படாமல் கிடக்கும் முடிவுகளின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. தொழில்முறை எழுத்தாளர்களின் முடக்கத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

ஆய்வாளர்கள் கண்டது

‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்ற பெயரை 1947இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் பெர்க்ளர். ஆஸ்திரியாவிலிருந்து நியூயார்க் வந்து குடியேறிய உளப்பகுப்பாய்வாளர். எல்லா முடக்கத்துக்கும் வேர் ஒன்றுதான், அது குழந்தைப் பருவத்தில் தாயோடு ஏற்பட்ட மோதல் என்பது அவர் கட்சி. இன்று அதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆனால் அவர் வைத்த பெயரும், ஒரே காரணம் இருக்கும் என்ற நம்பிக்கையும் நிலைத்துவிட்டன. பெயரைவிட அந்த நம்பிக்கைதான் அதிகக் கெடுதல் செய்தது. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பாரியோஸும் ஜெரோம் சிங்கரும் முடங்கிய எழுத்தாளர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் ஒரே வகையினராக இல்லை. பதற்றம் மிகுந்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள்மேல் எரிச்சலில் இருந்தவர்கள் ஒரு பக்கம், எதிலும் ஆர்வம் விட்டுப்போனவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்தார்கள்.

எழுதும் செயலையே உற்றுப் பார்த்தவர் மைக் ரோஸ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 10 மாணவர்களை எடுத்துக்கொண்டு 1980இல் கட்டுரை வெளியிட்டார். அவர்களில் 5 பேர் முடங்குகிறவர்கள், 5 பேர் முடங்காதவர்கள். திறமையில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு இருந்தது, தலைக்குள் வைத்திருந்த விதிகளில். முடங்கியவர்களில் ஒருவர், ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையே இலக்கணப் பிழையின்றி வர வேண்டும் என்று வைத்திருந்தார். இன்னொருவர், தொடக்கம் வாசகரைப் பிடித்து இழுக்காவிட்டால் அடுத்த பத்திக்குப் போகமாட்டார். வேறொருவர் நாள்கணக்கில் விரிவான திட்டம் போடுவார். முடிவில் அந்தத் திட்டம் கட்டுரைக்குள் அடங்காத அளவுக்குப் பெருத்துவிடும். முடங்காதவர்களிடமும் விதிகள் இருந்தன. அவை “சரிப்படாவிட்டால் விட்டுவிடு” என்ற அளவில் தளர்வாக இருந்தன. மாணவர்களிடம் கண்டதுதான் என்றாலும், பல ஆண்டு எழுதியவர்களிடமும் அச்சாக இதையே பார்க்கலாம். அனுபவம் கூடக்கூட விதிகளும் கூடுகின்றன.

மூன்று வேலை, ஒரே கவனம்

எழுத்து ஆய்வாளர்களான லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேய்ஸும் 1981இல் எழுதும் செயலை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: திட்டமிடுவது, நினைத்ததை வாக்கியமாக்குவது, எழுதியதைச் சீர்தூக்கிப் பார்ப்பது. இவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நடப்பதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புகுந்து நடக்கின்றன. மூன்றுக்கும் இடம் கொடுக்க வேண்டிய செயல்நினைவோ மிகச் சிறியது. ஒரே நேரத்தில் சில விஷயங்களைத்தான் அதில் பிடித்துவைக்க முடியும். எதைச் சொல்வது என்று தீர்மானிக்கும்போதே, எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டு, சொன்னது நன்றாக இருக்கிறதா என்றும் பார்த்தால் மூன்றில் ஒன்று கீழே விழும். விழுவது பெரும்பாலும் முதலாவது. சீர்தூக்கும் வேலை குரல் உயர்த்திப் பேசும், திட்டமிடும் வேலை சத்தமில்லாமல் நடக்கும். அதனால் “வாக்கியம் சரியில்லை” என்று தோன்றும், “என்ன சொல்லப் போகிறோம் என்றே முடிவாகவில்லை” என்று தோன்றாது.

ஒரு சிறு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தூக்கமின்மை பற்றி 1,200 சொல்லில் ஒரு கட்டுரை வேண்டும் என்று ஒருவரிடம் கேட்கிறார்கள். “இன்றைய பரபரப்பான உலகில் தூக்கம் என்பது ஆடம்பரமாகிவிட்டது” என்று எழுதுகிறார். தேய்ந்த வரி என்று அழிக்கிறார். “உணவைப் போலவே தூக்கமும் மனிதனுக்கு இன்றியமையாதது.” பள்ளிக்கூடக் கட்டுரை போல இருக்கிறது என்று இதையும் அழிக்கிறார். “தூங்காத இரவுகளின் எண்ணிக்கை நம்மிடையே கூடிக்கொண்டே போகிறது.” ஆதாரம் இல்லையே என்று இதுவும் போகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் ஒன்றும் இல்லை, தனக்கு மொழி வறண்டுவிட்டது என்ற பயம் மட்டும் மிச்சம்.

மொழியில் ஒரு கோளாறும் இல்லை. மூன்று வரியிலும் செய்தியே கிடையாது, அதுதான் கோளாறு. யாருக்காக எழுதுகிறோம் என்று அவர் முடிவு செய்யவில்லை. இரவுப் பணி செய்பவருக்கா, கைக்குழந்தை வைத்திருப்பவருக்கா, நள்ளிரவில் விழித்துக்கொண்டு மறுபடி தூங்க முடியாமல் கிடப்பவருக்கா? மூன்றாமவருக்கு என்று முடிவானதும் முதல் வரி தானாக அமையும்: “இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.” அடுத்து ஏன் என்று சொல்ல வேண்டும், அதற்கடுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடச் சொல்ல வேண்டும். வரிசை பிறந்துவிட்டது. திட்டமிடும் அடுக்கில் நின்றிருந்தபோது, அந்த ஒரு மணி நேரமும் அவர் திருத்திக்கொண்டிருந்தது வாக்கியம் என்ற தவறான அடுக்கை.

எங்கே நின்றது என்று பார்ப்பது

ஆகவே முடங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த அடுக்கில் நின்றது என்பது. “ஏன் என்னால் முடியவில்லை” என்ற கேள்வி ஆளைப் பற்றியது, அதற்குப் பதில் கிடைக்காது. “எங்கே நின்றது” என்பது பிரதியைப் பற்றியது, பார்த்துச் சொல்லிவிடலாம்.

சரக்கு போதாமல் நிற்பது மிகச் சாதாரணம், கண்டுபிடிப்பதும் எளிது. பிரதியில் பெயர், எண், இடம், செயல் குறைந்து, அடைமொழியும் பொதுவாக்கியமும் பெருகியிருக்கும். காகிதத்தை மூடிவிட்டு விஷயத்தை 2 நிமிடம் வாய்விட்டு யாருக்காவது சொல்லிப் பாருங்கள். ஆள் இல்லாவிட்டால் போனில் பதிவு செய்யலாம். 40 நொடியில் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனால், கையில் சரக்கு இல்லை. அப்போது எழுத முயல்வதை நிறுத்திவிட்டு, வாசகர் கேட்கக்கூடிய கேள்விகளில் 10 எழுதி, எத்தனைக்குப் பதில் தெரியும் என்று பார்க்க வேண்டும். தெரியாதவற்றுக்கு மட்டும் தேடினால் போதும். மறுபடி முழு ஆராய்ச்சியில் இறங்கினால் அதுவே புதிய ஒளிவிடமாகிவிடும்.

முடிவெடுக்காமல் நிற்பதற்கு அடையாளம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல தொடக்கங்கள். தூக்கக் கட்டுரை இந்த வகை. இதற்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு: கட்டுரையை விட்டுவிட்டு எடிட்டருக்கு ஒரு கடிதம் எழுதுவது. “நான் சொல்ல வருவது இதுதான், இன்னாருக்கு, அவர்கள் படித்து முடித்ததும் இதைச் செய்யத் தெரிய வேண்டும்.” மூன்று வரிதான். அனுப்ப வேண்டியதில்லை. கடிதத்தில் யாரும் நடையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பதால் முடிவு வெளியே வந்துவிடும்.

முந்தைய பக்கங்களில் எடுத்த தவறான முடிவால் நிற்பது வேறு கதை. புனைவு எழுதுபவர்களுக்கு மிக அதிகம் வருவதும், மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரதி ஓரிடத்தில் சட்டென்று நிற்கும். நின்ற இடத்தையே குடைந்துகொண்டிருப்போம், கோளாறோ பல பக்கங்களுக்கு முன்னால் இருக்கும். ஒரு நாவலின் 9ஆம் அத்தியாயம் என்று வைத்துக்கொள்வோம். பல வருடம் பேசாமல் இருந்த மகள், வீட்டை விற்பது பற்றிக் கேட்க அப்பாவைப் பார்க்க வருகிறாள். அவள் கதவைத் தட்டும் வரை எழுத்தாளர் எழுதிவிட்டார். உள்ளே வந்ததும் அவள் வாய் திறக்கமாட்டேன் என்கிறாள். எத்தனை உரையாடல் எழுதினாலும் பொம்மைகள் பேசுவதுபோல இருக்கிறது. மூன்று வாரம் போகிறது. உரையாடல் எழுத வரவில்லை என்று நினைத்து அவர் உரையாடலையே செதுக்கிக்கொண்டிருக்கிறார். 6ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தால் விஷயம் தெரியும்: அப்பா வீட்டை ஏற்கெனவே தம்பி பெயரில் எழுதிவிட்டதைத் தம்பியே போனில் அவளிடம் சொல்லிவிட்டான். அவளிடம் இனிக் கேட்கக் கேள்வியே இல்லை, அதனால் அவள் வந்ததற்கும் காரணம் இல்லை. அந்தப் போன் உரையாடலில் நான்கு வரியை எடுத்துவிட்டால், தெரியாமல் வரும் மகளும் சொல்ல முடியாத அப்பாவும் ஒரே அறையில் இருப்பார்கள். காட்சி எழுதிக்கொள்ளும்.

இந்த வகை முடக்கம் நல்லது என்றே சொல்லலாம். எழுத்தாளரின் அறிவுக்கு எட்டும் முன்பே அவருடைய கதையுணர்வு பிரேக் போட்டிருக்கிறது. இங்கே “என்ன ஆனாலும் தினம் 500 சொல்” என்று தள்ளினால் 40 பக்கம் கூடும், பிறகு 40 பக்கத்தையும் எடுக்க வேண்டியிருக்கும். செய்ய வேண்டியது, நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி 20, 30 பக்கம் படிப்பது. ஒவ்வொரு காட்சிக்கும் பக்க ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும்: இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், முடிவில் என்ன மாறியது? பதில் எழுத வராத முதல் காட்சியில்தான் வழி தவறியிருக்கிறது. கட்டுரைக்கும் இதே முறை பொருந்தும், அங்கே ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரி.

அடுத்தது, எழுதும்போதே குறை சொல்லும் உள்ளிருக்கும் தணிக்கையாளர். அடையாளம் தெளிவானது: முதல் பத்தி பளபளவென்று இருக்கும், இரண்டாவது பத்தி இருக்காது. தொழில்முறை எழுத்தாளர்களை இது குறிப்பாகத் தாக்குவதற்குக் காரணம், அவர்களுடைய ரசனை அவர்களுடைய முதல் வரைவைவிட எப்போதும் பல படி மேலே இருப்பதுதான். புதிதாக எழுதுபவருக்குத் தான் எழுதியது மட்டம் என்று தெரியாது, அதனால் ஓட்டமாக எழுதிவிடுவார். பழகியவருக்கு எழுதும்போதே தெரிந்துவிடும். இங்கே விதிகளை மனத்தில் தளர்த்தச் சொல்லிப் பயனில்லை. திருத்தவே முடியாதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். திரையின் வெளிச்சத்தை முழுதாகக் குறைத்துவிட்டு 10 நிமிடம் தட்டச்சு செய்யலாம். கையால் எழுதலாம். குரலில் சொல்லி எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். தெரியாத சொல், சரிபார்க்க வேண்டிய எண், அமையாத உவமை எல்லாவற்றுக்கும் பிரதியில் வேறெங்கும் வராத ஒரு குறியை, ### போல, போட்டுவிட்டுத் தாண்டிப் போக வேண்டும். “இங்கே மருத்துவர் சொன்னது ###” என்று எழுதினால் போதும், பிறகு தேடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிரப்பலாம். தொடக்கம் வரவில்லையென்றால் நடுவிலிருந்து, மனத்தில் தெளிவாக இருக்கும் பகுதியிலிருந்து தொடங்கலாம். எங்கிருந்து தொடங்கினாலும் வாசகருக்குத் தெரியப் போவதில்லை.

இந்த முறை எங்கே சறுக்குகிறது என்றால், 10 நிமிடம் எழுதியதை 11ஆவது நிமிடத்தில் படிப்பதில். படித்த உடனே தணிக்கையாளர் திரும்ப வந்து உட்கார்ந்துவிடுவார். வரைவுக்கும் திருத்தத்துக்கும் இடையில் குறைந்தது ஓர் இரவு போக வேண்டும். கெடு நெருங்கி அதற்கு வழியில்லை என்றால், இடையில் ஒரு சாப்பாட்டு வேளையாவது.

முதல் வரைவை ஏஐ கருவியிடம் வாங்கிக்கொள்ளலாமே என்ற யோசனை இப்போது இயல்பாகவே எழுகிறது. முடிவுகள் எல்லாம் எடுக்கப்பட்டு வாக்கியம் மட்டும் மிச்சமிருக்கும் வேலைக்கு அது கைகொடுக்கும். முடிவெடுக்காமல் நின்றிருக்கும் வேலையில் அது ஆபத்து. யாருக்கு, எதற்கு என்று தெரியாமலேயே சரளமான 1,200 சொல் வந்துவிழும். வெற்றுப் பக்கமாவது ஏதோ குறைகிறது என்று காட்டியது, நிறைந்த பக்கம் அதை மறைத்துவிடும்.

பிறகு பயம். வெற்றிக்குப் பின் வருவது இதில் கடுமையானது. அமெரிக்க எழுத்தாளர் ரால்ஃப் எலிசனின் முதல் நாவல் 1952இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. 1994இல் அவர் இறக்கும் வரை இரண்டாவது நாவல் முடியவில்லை. ஆனால் அவர் விட்டுச்சென்ற பக்கங்கள் ஆயிரக்கணக்கில். எழுதாமல் இருக்கவில்லை, முடிக்காமல் இருந்தார். நியூயார்க்கர் இதழின் ஜோசப் மிட்செல் 1964இல் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்ட பிறகு, 1996இல் இறக்கும் வரை அலுவலகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். இதழில் பெரிதாக ஒன்றும் வெளியிடவில்லை. இரண்டு பேருமே கைதேர்ந்தவர்கள், உழைப்பாளிகள். முடக்கம் என்பதே சோம்பலுக்கு வைத்த மரியாதையான பெயர் என்பவர்கள் இந்த இருவரையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு ஆழமான முடக்கத்துக்கு நுட்பம் எதுவும் முழு மருந்தாகாது. நடைமுறையில் கொஞ்சம் உதவுவது பணயத்தைக் குறைப்பது: பெரிய நூலை ஒதுக்கிவைத்து, வேறு வடிவத்தில், சிறிய இடத்தில், முடிந்தால் வேறு பெயரில் எழுதுவது. முடிக்கும் பழக்கம் அங்கே திரும்பக் கிடைக்கும்.

எவ்வளவு, எப்போது

மனநிலை வந்தால் எழுதலாம் என்று காத்திருப்பது பலன் தருமா என்பதை உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் சோதித்துப் பார்த்தார். எழுத முடியாமல் திணறிய 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாக்கி 10 வாரம் கவனித்த ஆய்வு, 1983இல் வெளிவந்தது. முதல் குழு அவசரம் இருந்தாலொழிய எழுதக் கூடாது. இரண்டாவது குழு தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது குழு குறித்த நேரத்தில் எழுதியே ஆக வேண்டும், தவறினால் தங்களுக்கு அறவே பிடிக்காத ஓர் அமைப்புக்குப் பணம் போய்விடும். ஒரு நாளுக்கான சராசரிப் பக்கங்கள் முறையே 0.2, 0.9, 3.2. அதைவிட முக்கியம், புதிய யோசனைகளும் அதே வரிசையில் வந்தன: முதல் குழுவுக்கு 5 நாளுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு 2 நாளுக்கு ஒன்று, மூன்றாவதுக்குத் தினம் ஒன்று. யோசனை வந்த பிறகு எழுதுவது என்ற நம் வழக்கமான எண்ணத்துக்கு நேர்மாறு இது. ஆய்வு சிறியது, பங்கேற்றவர்கள் கையில் ஆராய்ச்சிச் சரக்கு இருந்தவர்கள். 6ஆம் அத்தியாயத்தில் வழி தவறிய நாவலாசிரியருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் காத்திருப்பவருக்கு யோசனையும் வராது என்பதை நம்பலாம்.

அளவு விஷயத்தில் ஆந்தனி ட்ரோலப்பின் கணக்கு பேர்போனது. இங்கிலாந்து அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், மொத்தம் 47 நாவல்கள். காலை 5.30க்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று மூன்று மணி நேரம் எழுதுவார். பலரும் சொல்லாமல் விடும் பகுதி இது: அந்த மூன்று மணியில் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கு. ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீன் நாளொன்றுக்கு 500 சொல்லோடு நிறுத்திக்கொண்டவர். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் அன்றைய வேலையை நிறுத்துவார். இந்த மூன்றுக்கும் பொது, நாளையத் தொடக்கத்தை இன்றே எளிதாக்கி வைப்பது.

ஆங்கிலக் கணக்கை அப்படியே தமிழுக்கு இலக்காக வைக்கக் கூடாது. அங்கே மூன்று நான்கு சொல் பிடிப்பது இங்கே ‘போயிருக்கக்கூடும்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். அவர்களுடைய 500 நமக்குச் சுமார் 350தான்.

முடங்கிய நிலையிலிருந்து வெளியே வருபவருக்கு அதுவும் அதிகம். முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு 25 நிமிடம் அல்லது 150 சொல், எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்தலாம். வேகம் வந்துவிட்டது என்று முதல் நாளே மூன்று மணி நேரம் எழுதினால், மறுநாள் அதே அளவு வராதபோது மறுபடி தோல்வி என்ற எண்ணம் வரும். நிறுத்தும்போது பிரதியின் கீழே நாளைக்கு இரண்டு வரி: அடுத்து எந்தக் காட்சி அல்லது எந்தப் பத்தி, அதன் முதல் செய்தி என்ன. ஒரு நோட்டில் தேதி, நேரம், சொல்லெண்ணிக்கை, நின்ற இடம் நான்கையும் குறித்து வந்தால் 10 நாளில் ஒரு வடிவம் தெரியும். எப்போதும் உரையாடலில் நிற்கிறதா, தொடக்கத்தில் நிற்கிறதா, முடிவு நெருங்கும்போதா? முடிவில் மட்டும் நிற்பவருக்கு மேலே சொன்ன தணிக்கை வைத்தியம் உதவாது. அவர் பயத்தைப் பார்க்க வேண்டும்.

தவறிய நாளை ஈடுகட்டக் கூடாது. நேற்றைய 150ஐயும் சேர்த்து இன்று 300 என்று தொடங்கினால், இன்னொரு நாள் தவறியதும் 450 ஆகும், நான்காம் நாள் மேசைக்கே வரமாட்டோம். தவறியது தவறியதுதான், இன்று மறுபடி 150.

எடிட்டரிடம் எப்போது சொல்வது

கெடுவுக்கு முந்தைய இரவு சொல்வதுதான் பரவலான வழக்கம், அதுதான் உறவைக் கெடுக்கும். கொடுத்த காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போயும் வரைவில் பாதி இல்லையென்றால் அன்றே சொல்லிவிட வேண்டும். மனநிலையை விவரிக்க வேண்டியதில்லை. எவ்வளவு முடிந்திருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது, எந்தத் தேதியில் எதைத் தர முடியும் என்ற மூன்றும் போதும். “800 சொல் முடிந்தது, சிகிச்சை பற்றிய பகுதி அமையவில்லை, அதை விட்டுவிட்டு மற்றதை வியாழக்கிழமை அனுப்பட்டுமா?” என்று கேட்டால் எடிட்டரால் முடிவெடுக்க முடியும். பல சமயம் அந்தப் பகுதியே வேண்டாம் என்று சொல்லிவிடுவார், முடக்கம் அங்கேயே தீர்ந்துவிடும். எழுத்தை நம்பி வாழ்பவர்கள் ஒரே சமயத்தில் வடிவம் வேறுபட்ட இரண்டு வேலைகளைக் கையில் வைத்திருப்பதும் இதற்காகத்தான். ஒன்று நின்றால் மற்றொன்று நகரும், வருமானமும் நிற்காது. மூன்றுக்கு மேல் போனால் எல்லாமே அரைகுறையாகும்.

எழுத்தோடு சேர்ந்து மற்றதும் நின்றால்

ரைட்டர்ஸ் பிளாக் என்ற பெயரில் மனநல மருத்துவ வகைப்பாட்டில் நோய் எதுவும் இல்லை. ஆனால் மனச்சோர்வு நோயின் முதல் அடையாளமாக எழுத்து நிற்பது உண்டு. எழுத்தாளர் அதை எழுத்துப் பிரச்சினையாகவே நினைத்து மாதக்கணக்கில் நுட்பங்களைத் தேடிக்கொண்டிருப்பார். பிரித்துப் பார்க்க எளிய வழி, எழுத்துக்கு வெளியே பார்ப்பது. வாசிப்பதிலும் நண்பர்களோடு பேசுவதிலும் சாப்பாட்டிலும் பழைய ஈடுபாடு இருந்து, எழுத்து மட்டும் நின்றிருந்தால் மேலே சொன்னவற்றில் ஒன்றாக இருக்கலாம். எதிலுமே நாட்டமில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, படித்த பத்தியையே மூன்று தடவை படிக்க வேண்டியிருக்கிறது, நாளின் பெரும்பகுதி, ஏறத்தாழ எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

மருத்துவரிடம் “எழுத வரவில்லை” என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போதிய தகவல் கிடைக்காது. எப்போதிலிருந்து, தூக்கம் எத்தனை மணி நேரம், பசி எப்படி, புதிதாக ஏதேனும் மருந்து தொடங்கினீர்களா, பழைய மருந்தின் அளவு மாறியதா, மது எவ்வளவு என்பதை எழுதி எடுத்துப் போகலாம். சில மருந்துகள் கவனத்தையும் சொல் தேடும் வேகத்தையும் மந்தமாக்கும் என்பதால் தேதிகள் முக்கியம். தினமும் சொல்லெண்ணிக்கை குறித்த நோட்டு இருந்தால் அதையும் காட்டலாம். எந்த வாரத்திலிருந்து சரிந்தது என்பது அதில் தேதியோடு இருக்கும். மருந்தை நீங்களாக நிறுத்திப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.